உயிர் கொடுத்தவன் வெளியே! பணம் கொழுத்தவன் உள்ளே!

இங்கிலாந்தில் கால்பந்தாட்ட மைதானங்களைப் புதுப்பித்துவிட்டார்கள். மழை ஒழுகிய பழைய கொட்டகைகள் பல மறைந்துவிட்டன. வரிசை வரிசையாக நாற்காலிகள் வந்துவிட்டன. கண்ணாடி போட்ட அறைகளில் விருந்துண்டபடியே ஆட்டம் பார்க்க வசதி வந்துவிட்டது. எல்லாம் வந்துவிட்டது. ஆனால் மைதானத்தை ஒட்டிய தெருவில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தொழிலாளியால் மட்டும் உள்ளே போக முடியவில்லை. போலீஸ்காரன் தடுக்கவில்லை, டிக்கெட் விலை தடுக்கிறது.

"எங்கோ சீமையில் பந்தாட்டத்துக்கு டிக்கெட் விலை ஏறினால் நம் ஊர் ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். இருக்கிறது, தோழர்களே! உழைப்பாளி தன் கையால் வளர்த்த ஒன்றை முதலாளி எப்படிப் பறிக்கிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. பறித்ததில் ஒரு பங்கையாவது எப்படித் திரும்பப் பிடுங்கலாம் என்ற பாடமும் இதிலேயே இருக்கிறது.

மில் தொழிலாளி வளர்த்த ஆட்டம்

இங்கிலாந்தில் கால்பந்தாட்டம் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்குவது வெகுகால வழக்கம். ஏன் அந்த நேரம்? எந்தப் பிரபுவும் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நேரம் அல்ல அது. ஆலைத் தொழிலாளர் போராடிப் பெற்ற நேரம். வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிப் பல ஆண்டுகள் நடந்த இயக்கத்தின் பலனாக, 1850-ம் ஆண்டுச் சட்டம் துணி ஆலைகளில் பெண்களும் இளைஞர்களும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் கை நின்றால் ஆலை நின்றது. அரை நாள் ஓய்வு பிறந்தது. அந்த அரை நாளில்தான் இந்த ஆட்டம் வளர்ந்தது.

லங்காஷயர் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. நம் கைத்தறி நெசவாளியின் வயிற்றில் அடித்த மில் துணி அங்கிருந்துதான் கப்பலேறி வந்தது. ஆனால் அந்தத் துணியை நெய்தவனும் நம்மைப் போன்ற கூலிக்காரனே. 1883-ல் அந்த லங்காஷயரின் பிளாக்பர்ன் நகரத்திலிருந்து ஒரு குழு லண்டனுக்குப் போனது. அதில் நெசவாளிகள் இருந்தார்கள். வார்ப்படத் தொழிலாளிகள் இருந்தார்கள். குழாய் வேலை செய்பவர் இருந்தார். எதிரே நின்றவர்கள் ஈட்டன் பள்ளியில் படித்த சீமான்கள். முந்தைய ஆண்டு எஃப்.ஏ. கோப்பையை வென்றவர்கள். ஆட்டம் கூடுதல் நேரம் வரை போனது. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தொழிலாளிகள் வென்றார்கள். அதற்குப் பிறகு அந்தக் கோப்பை சீமான்களின் கைக்குத் திரும்பவே இல்லை!

இன்று உலகப் பெயர் பெற்ற கிளப்புகளின் பிறப்பைப் பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட் 1878-ல் நியூட்டன் ஹீத் என்ற இடத்து ரயில்வே தொழிலாளர் தொடங்கிய குழு. ஆர்சனல் 1886-ல் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர் தொடங்கியது. வெஸ்ட் ஹாம் 1895-ல் தேம்ஸ் நதிக்கரைக் கப்பல் கட்டும் பட்டறையில் பிறந்தது. பெற்றவனும் வளர்த்தவனும் உழைப்பாளி. இன்று பட்டா மட்டும் வேறொருவன் பெயரில்!

97 உயிர்கள்

மைதானங்களைப் புதுப்பித்த கதை ஒரு பெரும் துயரத்தில் தொடங்குகிறது.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் அரையிறுதி ஆட்டம். தொழிலாளி மலிவான டிக்கெட் வாங்கி நின்று பார்க்கும் படிக்கட்டுகளைச் சுற்றி, அந்த நாளில் பட்டி போல இரும்பு வேலி போட்டிருந்தார்கள். ரசிகன் மனிதன் அல்ல, அடைத்து வைக்க வேண்டிய மந்தை என்பதே அன்றைய ஆட்சியாளரின் எண்ணம். 1979-ல் கொடுத்த பாதுகாப்புச் சான்றிதழைப் பத்தாண்டுகளாக எவரும் திருத்தவில்லை. வாசலில் நெரிசல் முற்றியதும் போலீஸ் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது. ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப் பட்டிகளுக்குள் மேலும் கூட்டம் புகுந்தது. வேலியில் நசுங்கி மாண்டார்கள். மாண்டவர் தொகை 97. அவர்களில் கடைசி மனிதர் அன்று பட்ட காயத்தோடு வாழ்ந்து 2021-ல் இறந்தார்.

பிணங்களின் சூடு ஆறுமுன்பே பழியைச் செத்தவர்கள் மேலேயே போட்டார்கள். குடிகாரக் கும்பல், திருட்டுக் கும்பல் என்று போலீஸ் பொய் சொன்னது. லண்டனின் 'சன்' பத்திரிகை அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்தது. தாய்மார்களும் தகப்பன்மார்களும் 27 ஆண்டுகள் ஓயாமல் போராடினார்கள். 2016-ல் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள், ரசிகர்கள் மேல் குற்றம் இல்லை! தண்டனை? 2019-ல் அந்த மைதானத்துக் கிளப்பின் செயலாளராக இருந்த ஒருவருக்கு 6,500 பவுண்டு அபராதம். அவ்வளவுதான். ஏழையின் உயிருக்கு அவர்கள் நீதிமன்றத்தில் என்ன விலை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்

விபத்தை விசாரித்த நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் இறுதி அறிக்கை தந்தார். பெரிய மைதானங்களில் நின்று பார்ப்பதை ஒழித்து எல்லோருக்கும் நாற்காலி போட வேண்டும் என்றார். அதோடு நிறுத்தவில்லை. நின்று பார்த்தவனின் சட்டைப் பைக்கு ஏற்றபடி மலிவான நாற்காலிக்கு விலை வைக்க முடியும் என்றும் சொன்னார். ஸ்காட்லாந்தின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் நிற்பதற்கு 4 பவுண்டு, உட்காருவதற்கு 6 பவுண்டுதான் என்று எடுத்தும் காட்டினார்.

கிளப் முதலாளிகள் என்ன செய்தார்கள்? அறிக்கையின் முதல் பாதியைச் சிரமேற்கொண்டார்கள். இரண்டாம் பாதியைக் குப்பையில் போட்டார்கள்.

புதுப்பிக்கும் செலவை அவர்களாவது ஏற்றார்களா? அதிலும் பொதுப் பணம்! 1990 பட்ஜெட்டில் கால்பந்துப் பந்தயச் சீட்டு வரியை அரசு குறைத்தது. அந்தத் தொகையில் ஐந்து ஆண்டுகளில் 10 கோடி பவுண்டு மைதானங்களுக்குப் போக ஏற்பாடு செய்தது. கஜானாவுக்கு வர வேண்டிய வரிப் பணம் நாற்காலியாக மாறியது. அந்த நாற்காலியைக் காட்டித்தான் முதலாளி விலையை ஏற்றினான்.

டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட் இருந்த காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். தரையைப் பெயர்த்துவிட்டு "இனி எல்லாம் நாற்காலி, எல்லாம் நாற்காலி விலை" என்றால் மண் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவன் எங்கே போவான்? அதுதான் அங்கே நடந்தது. லிவர்பூல் மைதானத்தில் 'கோப்' என்ற புகழ்பெற்ற பெரும் படிக்கட்டு இருந்தது. துறைமுகத் தொழிலாளியும் அவன் மகனும் தோளோடு தோள் நின்று பாடிய இடம். 1989-90-ல் அங்கே நிற்க 4 பவுண்டு. 1994-ல் படிக்கட்டு போய் நாற்காலி வந்தது. 2011-ல் பெரிய ஆட்டத்துக்கு அந்த மைதானத்தின் மலிவான டிக்கெட்டே 40 பவுண்டுக்கு மேல்! பத்து மடங்கு! அதே காலத்தில் பொது விலைவாசி இரண்டு மடங்குகூட ஏறவில்லை.

நாற்காலி கெட்டது என்று நாம் சொல்லவில்லை. வேலி ஒழிந்தது நல்லது. கழிப்பறை வந்தது நல்லது. பெண்களும் குழந்தைகளும் அஞ்சாமல் வருவது மிக நல்லது. உயிருக்குப் பாதுகாப்பு தொழிலாளியின் உரிமை. அந்த உரிமைக்கு விலை போட்டு அவனிடமே விற்றதைத்தான் கொள்ளை என்கிறோம். செத்தவர் பெயரைச் சொல்லிக் கட்டினார்கள். செத்தவரின் அண்ணன் தம்பிகளை வெளியே தள்ளினார்கள். பிணத்தின் நெற்றிக் காசைத் திருடுவது என்பது இதுதான்!

கூரை ஒழுகுகிறது, வட்டி ஓடுகிறது

"செலவு கூடுகிறது, விலை ஏற்றாமல் எப்படி?" என்று முதலாளிகளின் பத்திரிகைகள் கேட்கின்றன. கணக்குப் பார்ப்போம். 2016 முதல் மூன்று சீசன்களுக்கு, பிரிட்டனில் ஆட்டங்களை டெலிவிஷனில் காட்டும் உரிமைக்கு மட்டும் பிரீமியர் லீகுக்குக் கிடைத்தது 513 கோடி பவுண்டு! இப்படிக் கொட்டும்போதும் ஏழை ரசிகனின் பையைத் தடவுவது தேவையா, பேராசையா?

மான்செஸ்டர் யுனைடெட்டின் கதை இன்னும் விசித்திரம். 2005-ல் கிளேசர் என்ற அமெரிக்கப் பணக்காரக் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டுக்கு அதைக் கைப்பற்றியது. அதில் பெரும் பகுதி கடன். கடனை யார் தலையில் வைத்தார்கள்? கிளப்பின் தலையிலேயே! மாட்டை வாங்கிய கடனை மாடே உழுது அடைக்க வேண்டுமாம். வட்டி, கட்டணம், பங்கு லாபம் என்று அதன் பிறகு வெளியே ஓடிய தொகை 100 கோடி பவுண்டுக்கு மேல். அந்த மைதானத்தின் கூரையோ 2024 மே மாத ஆட்டத்தன்று அருவி போல ஒழுகியது! கூரையைக் கவனிக்காதவர்கள் அதே ஆண்டு இறுதியில் விலையைக் கவனித்தார்கள். சீசன் நடுவில், மிச்சமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளுக்கு ஒரே விலை 66 பவுண்டு. கிழவனுக்கும் 66, பள்ளிப் பிள்ளைக்கும் 66. சலுகை கிடையாது. 1878-ல் குழு தொடங்கிய ரயில்வே தொழிலாளி இன்று உயிரோடு வந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

77-ம் நிமிடம்

இதையெல்லாம் ரசிகர்கள் கை கட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

2016 தொடக்கத்தில் லிவர்பூல் மைதானத்தின் முக்கிய காலரியைப் பெரிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டடம் முடியுமுன்பே புது விலையை அறிவித்தார்கள்: உச்ச விலை 59 பவுண்டிலிருந்து 77 பவுண்டு! அந்த ஏப்ரலில் அந்த நாட்டில் 25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 பவுண்டு 20 பென்ஸ். 77 பவுண்டு சேர்க்கக் கிட்டத்தட்ட 11 மணி நேரம் உழைக்க வேண்டும். ஆட்டம் நடப்பதோ ஒன்றரை மணி நேரம்!

"சில இருக்கைகளுக்குத்தானே?" என்றார்கள் முதலாளிகள். ஒட்டகமும் முதலில் மூக்கை மட்டும்தான் கூடாரத்துக்குள் நுழைத்தது. ரசிகர்கள் ஏமாறவில்லை. பிப்ரவரி 6. சண்டர்லாந்துடன் ஆட்டம். லிவர்பூல் இரண்டு கோல் முன்னணியில். சரியாக 77-ம் நிமிடம். 77 பவுண்டு கேட்டாயா, இதோ 77-ம் நிமிடம் என்று சுமார் 10,000 பேர் எழுந்தார்கள், வெளியே நடந்தார்கள். உயிருக்கு உயிரான குழு விளையாடிக்கொண்டிருக்கிறது, காலரி காலியாகிறது! மிச்ச நேரத்தில் சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்துவிட்டது.

வெளிநடப்பை ஏற்பாடு செய்தவர்களில் ஒரு ரசிகர் சங்கம் பில் ஷாங்க்லியின் பெயரைத் தாங்கியது. ஸ்காட்லாந்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, பிறகு லிவர்பூலை உச்சிக்குக் கொண்டுபோன பயிற்சியாளர் அவர். எல்லோரும் ஒருவருக்காக ஒருவர் உழைத்து, பலனை எல்லோரும் பங்கிடுவதே தான் நம்பும் சோஷலிசம் என்று சொன்னவர்.

என்ன ஆயிற்று? சில நாட்களிலேயே முதலாளிகள் மன்னிப்புக் கேட்டார்கள். 77 பவுண்டு ரத்து! பழைய 59-க்கு மேல் இரண்டு சீசன் ஏற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதமே, வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் ரசிகனிடம் 30 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை என்று எல்லா பிரீமியர் லீக் கிளப்புகளும் ஒப்புக்கொண்டன. அதற்காகப் பல ஆண்டுகள் ஊர் ஊராக ரசிகர்கள் நடத்திய கிளர்ச்சி அன்று பலித்தது. பெட்டிஷன் போட்டுக் கெஞ்சியபோது காது கேளாதவர்களுக்கு, காலி நாற்காலியைப் பார்த்ததும் காது கேட்டது! ஆலையில் தறி நின்றால் முதலாளிக்குக் காது கேட்பது போலத்தான்.

வேறு வழி இல்லையா?

"இதுதான் காலத்தின் போக்கு, வேறு வழியில்லை" என்று உபதேசிப்பவர்களை ஜெர்மனிக்கு அனுப்புவோம். அங்கே சில விதிவிலக்குகள் போக, கிளப்பின் ஓட்டில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. நிலக்கரிக்கும் எஃகுக்கும் பேர்போன ரூர் பிரதேசத்தில் டார்ட்மண்ட் நகரம் இருக்கிறது. அதன் மைதானத்துத் தெற்குக் காலரியில் சுமார் 25,000 பேர் இன்றும் நின்று பார்க்கிறார்கள். மலிவான விலையில், பத்திரமாக. இங்கிலாந்திலும் 2022 முதல் பாதுகாப்பான கம்பி போட்ட இடத்தில் நின்று பார்க்க அனுமதித்துவிட்டார்கள். அப்படியானால் 1989-ல் கொன்றது எது? நின்றதா? இல்லை! ரசிகனை மந்தையாக நினைத்த வேலியும், பத்தாண்டு அலட்சியமும், கூட்டத்தைக் கையாளத் தெரியாத அதிகாரமும்தான்.

உடைமை யாரிடமோ, விலை அவன் சொன்னபடி. இதுதான் இந்தக் கதையின் சாரம். உறுப்பினன் கையில் ஓட்டு இருக்கும் இடத்தில் ஏழைக்கு இடம் இருக்கிறது. வட்டிக்கு விட்டவன் கையில் சாவி இருக்கும் இடத்தில் கண்ணாடி அறை இருக்கிறது. ஏழைக்கு இடம் இல்லை.

பந்தை உதைப்பவன் உழைப்பாளி வீட்டுப் பிள்ளை. புல்லை வெட்டுபவனும், நாற்காலியைத் துடைப்பவனும், வாசலில் டிக்கெட் கிழிப்பவனும் உழைப்பாளி. தொண்டை கிழியக் கத்தி அந்த ஆட்டத்துக்கு உயிர் கொடுத்தவனும் உழைப்பாளி. அவர்கள் இல்லாவிட்டால் மைதானம் வெறும் சிமெண்டுதான். இந்த உண்மையை லிவர்பூல் ரசிகர்கள் 77-ம் நிமிடத்தில் எழுந்து நடந்து காட்டினார்கள். தனியாக ஒருவன் எழுந்து போயிருந்தால் அவன் இடத்தை இன்னொருவனுக்கு விற்றிருப்பார்கள். பத்தாயிரம் பேர் சேர்ந்து எழுந்ததால் முதலாளி உட்கார்ந்தான்!