டிரான்ஸ்பர் கேஸில் எண்ணெய் கசிகிறதா?



நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டிகளை ஓட்டிக் குடும்பம் நடத்துகிற சகோதரர்களுக்காக இம்மாதம் எழுதுகிறேன். கட்டுமானத் தளங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பொலிரோ கேம்பரானாலும், பழைய ஜிப்சியானாலும், இராணுவம் ஏலத்தில் விட்ட ஜீப்பானாலும், அடியில் ஒரு பெட்டி உண்டு. கியர் பாக்ஸிலிருந்து வரும் விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுவே. டிரான்ஸ்பர் கேஸ் என்று அதற்குப் பெயர்.

இன்ஜினில் எண்ணெய் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். அளவுக் குச்சியும் உண்டு. இந்தப் பெட்டிக்குப் பெரும்பாலும் விளக்கும் இல்லை, குச்சியும் இல்லை. சிறிய வண்டிகளில் இது கொள்ளும் எண்ணெய் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு லிட்டரே. ஆகையால் சில சொட்டுகள்தானே என்று அசட்டையாயிருந்தால், நாளடைவில் எண்ணெய் மிகவும் குறைந்துபோகும். அதன்பின் பேரிங் சூடேறும், சங்கிலி நீளும், பற்சக்கரங்கள் தேயும். நெடுஞ்சாலை வேகத்தில் பெட்டி இறுகிப் பூட்டிக்கொண்டால் பின் சக்கரங்களும் நின்றுபோகும். வண்டியில் எட்டுப் பேர் அமர்ந்திருக்கும்போது அது நேரிட்டால் என்னவாகும் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

முதலாவது, ஒழுகுவது எந்த எண்ணெய் என்று அறிந்துகொள்ளுங்கள். வண்டி நிற்குமிடத்தில் இரவில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். டீசல் இன்ஜின் எண்ணெய் கருப்பாயிருக்கும். கியர் எண்ணெய் தேன்போல் கெட்டியாய், கந்தக நாற்றத்தோடிருக்கும். சங்கிலியால் இயங்கும் புதிய வகைப் பெட்டிகள் பலவற்றில் ஏ.டி.எஃப். என்னும் மெல்லிய எண்ணெய் ஊற்றப்படுகிறது. அது பெரும்பாலும் சிவப்பு, பழையதானால் பழுப்பு. ஏ.சி.யிலிருந்து வடிவது வெறும் தண்ணீர். (வாசலைப் பெருக்கும் சகோதரிகளே இந்தக் கறையை முதலில் காண்கிறார்கள். சிமெண்ட் தரையில் அது எந்தப் பக்கம், முன்னா பின்னா என்று கவனித்துச் சொன்னால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்தது.)

சொட்டு விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. வண்டி ஓடுகையில் காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும். எண்ணெய் பெட்டியின் வயிற்றோடு வழிந்து தாழ்ந்த இடத்தில் சொட்டும். ஆகவே அடிப்பாகம் முழுவதும் புழுதியும் எண்ணெயும் பூசிக் கிடக்கையில் எவராலும் இடத்தைக் குறிப்பாய்ச் சொல்ல முடியாது. இன்ஜினும் சைலன்சர் குழாயும் நன்றாய் ஆறியபின் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு பெட்டியைச் சுத்தமாய்க் கழுவி, துணியால் துடைத்து, காயவிடுங்கள். பின்பு டால்கம் பவுடரோ சுண்ணக்கட்டித் தூளோ தூவி, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் விளக்கோடு பாருங்கள். வெள்ளைத் தூளில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ, அதன் மிக உயரமான புள்ளியே கசிவின் ஊற்று. இந்தச் சோதனை செய்யாமலேயே "முழுவதையும் இறக்கிப் பிரிக்கவேண்டும்" என்று சொல்கிற பட்டறையில், ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள். பின் சீல் ஒன்று மாத்திரம் போயிருந்தால், சீலின் விலை சில நூறு ரூபாய்தான்.

கசிவு பெரும்பாலும் பின்புறத் தண்டின் சீலிலோ முன்புறத் தண்டின் சீலிலோதான் வரும். ஜிப்சியில் இப்பெட்டி கியர் பாக்ஸிலிருந்து தனியே தொங்குவதால் விசை உள்ளே வரும் இடத்திலும் ஒரு சீல் உண்டு. அங்கே மூன்றையும் பாருங்கள். லீவர் தண்டின் சீல், இரு பாதிகளும் சேரும் இணைப்பு, ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடத்து ரப்பர் வளையம், வடிகால் போல்ட்டின் வாஷர் ஆகியவை மற்ற இடங்கள். வாஷர்தான் குற்றவாளி என்றால் ஐந்து நிமிட வேலை. வெளியே சொட்டே இல்லாமல் இப்பெட்டியில் எண்ணெய் குறைந்து கியர் பாக்ஸில் ஏறிக்கொண்டே போனால், இரண்டுக்கும் நடுவிலுள்ள சீல் போயிற்று. அதற்குப் பெட்டியை இறக்கியே தீரவேண்டும்.

ஆனால் சீலைக் குறைகூறுமுன் பிரீதரைப் பாருங்கள். பெட்டியின் மேலே சிறு மூடியோ ரப்பர் குழாயோ இருக்கும். பெட்டி மூச்சுவிடும் வழி அது. வண்டி ஓடினால் உள்ளே காற்று சூடாகி விரிவடையும். பிரீதர் சேற்றால் அடைபட்டிருந்தால் அந்த அழுத்தம் நல்ல சீலையும் தாண்டி எண்ணெயை வெளியே தள்ளும். புதிய சீல் மாட்டியும் ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகுகிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் பலர் பிரீதரை ஊதிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.

மும்பைவாசிகள் இதை இன்னும் கவனமாய்க் கேட்கவேண்டும். 2005 ஜூலை 26-ஐ மறந்தவர் நம்மில் இல்லை; அதற்குப் பிறகும் மழைக்காலந்தோறும் இந்துமாதாவிலும் அந்தேரி சுரங்கப்பாதையிலும் தண்ணீர் நிற்கிறது. சூடாய் ஓடிவந்த பெட்டி திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரையே உறிஞ்சும். அடைபட்டிருந்தால் சீல் வழியாய் இழுக்கும். அப்படிப்பட்ட எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருக்கும். அதற்கு மேல் ஊற்றி நிரப்புவதில் பயனில்லை; முழுவதும் வடித்து மாற்றுங்கள். அச்சளவு தண்ணீரில் சென்றுவந்தால் அந்த வாரமே சோதியுங்கள்.

அளவு பார்க்க வண்டி சமதரையில் நிற்கவேண்டும். பக்கவாட்டிலுள்ள நிரப்பும் போல்ட்டைத் திறந்தால் எண்ணெய் அந்தத் துளையின் கீழ் விளிம்புவரை இருக்கவேண்டும். எண்ணெய் மாற்றும்போதும் நிரப்பும் போல்ட்டையே முதலில் கழற்றுங்கள். அது கழன்றபின்பே வடிகாலைத் திறக்கலாம். எண்ணெயை எல்லாம் வடித்துவிட்டபின் மேல் போல்ட் துருப்பிடித்துக் கழல மறுத்தால், வண்டி அங்கேயே கிடக்கும். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிற மெல்லிய பசை ஒட்டியிருப்பது இயல்பு. நகத்தளவு துண்டுகளோ பல்லின் சில்லோ இருந்தால், கசிவு உங்கள் பெரிய கவலை அல்ல.

இனி பின் சீலை மாற்றும் விதம். ஜாக்கியை மாத்திரம் நம்பி அடியில் படுக்கவேண்டாம்; ஸ்டாண்டு வையுங்கள், நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுங்கள். இதைப் பலர் அறியார்: பின் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றியபின் கியரில் போட்டிருந்தும் பின் சக்கரங்கள் நிற்கா. பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் கை பிரேக் டிரம் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் கேஸின் பின்னேயே இருக்கிறது. ஷாஃப்டைக் கழற்றினால் கை பிரேக்கும் இல்லை. அந்த ஜீப்புகளில் பின் சீல் ஒழுகினால் எண்ணெய் நேரே பிரேக் ஷூவில் ஏறும். மேட்டில் நிறுத்தின வண்டி தானாய் உருளும். அவ்வண்டி வைத்திருப்போர் கசிவை ஒருநாளும் தள்ளிப்போடலாகாது.

ஷாஃப்டும் பிளாஞ்சும் சேருமிடத்தில் கழற்றுமுன் அடையாளம் இடுங்கள். திரும்ப அதே நிலையில் பூட்டாவிட்டால் அதிர்வு உண்டாகும். நடு நட்டைக் கழற்றி பிளாஞ்சை உருவியபின் அதன் வழவழப்பான பகுதியை விரல் நகத்தால் தடவுங்கள். நகம் தட்டுமளவு பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. மெல்லிய உலோக உறை ஏற்றலாம், அல்லது பிளாஞ்சையே மாற்றலாம். ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? அப்படியானால் பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் சீல் மாட்டுவது வீண் செலவு.

பழைய சீலை நெம்பி எடுக்கையில் உட்கார்ந்திருக்கும் சுவரைக் கீறவேண்டாம். புதியதன் உதட்டில் சிறிது கிரீஸ் தடவி, ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கியிருக்க, சீலின் வெளிவிட்டத்துக்கு ஒத்த குழாய்த்துண்டை வைத்துச் சமமாய்த் தட்டி இறக்குங்கள். பல வண்டிகளில் எண்ணெய் ஸ்பிளைன் பள்ளங்கள் வழியாகவும் ஏறி நட்டின் அடியில் கசியும். ஆகையால் வாஷருக்கடியில் சீலண்ட் பூசி, நட்டை உற்பத்தியாளர் கூறும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பழைய சீலைக் கையோடு எடுத்துச் சென்றால் குர்லா சி.எஸ்.டி. சாலையிலோ, டெல்லி காஷ்மீரி கேட்டிலோ, பெங்களூர் ஜே.சி. சாலையிலோ சரியான அளவு கிடைக்கும். அங்கே போலிகளும் உண்டு. பெட்டியின் அச்சைப் பார்த்து வாங்குங்கள்.

எண்ணெய் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை அல்ல, வண்டியின் கையேட்டைப் பின்பற்றுங்கள். பற்சக்கர வகைப் பெட்டிக்கு 80டபிள்யூ-90 போன்ற கியர் எண்ணெய், ஏ.டி.எஃப். கேட்கும் பெட்டியில் அதை ஊற்றினால் சங்கிலிக்கும் பம்புக்கும் கேடு. விளிம்புக்கு மேல் நிரப்புவதும் கசிவுக்கே வழி.

வளைகுடாவில் ஓட்டுநராயிருக்கும் உறவினருக்கு இதைச் சொல்லுங்கள். 2000-களில் வந்த ஷெவர்லே, ஜி.எம்.சி. பிக்கப்கள் சிலவற்றில் உள்ளிருக்கும் எண்ணெய் பம்ப் அசைந்து அசைந்து மெக்னீசியப் பெட்டியின் சுவரை உள்ளிருந்தே உராய்ந்து துளையிடும். துளை எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருப்பதால் நிற்கையில் சொட்டாது, ஓடும்போது மாத்திரம் வெளியேறும். தரை உலர்ந்திருக்க எண்ணெய் குறைகிறதென்றால் பெட்டியின் பின்பாதியின் மேற்பக்கத்தைப் பாருங்கள்.

முதலாளியின் வண்டி ஓட்டுகிறவர்கள் கசிவைக் கண்ட அன்றே கிலோமீட்டரையும் தேதியையும் எழுதி, கைப்பேசியில் படமெடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். பெட்டி உடைந்தபின் ஓட்டுநரின் சம்பளத்தில் பிடிப்பது நடக்கிற காரியம். வேலை முடிந்து 200 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பவுடர் தூவிப் பாருங்கள். நிரப்பும் போல்ட்டைத் திறந்து அளவையும் ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள்.