மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

ஜூன் 5 வந்தால் நம் உயர்நிலைப் பள்ளிகளில் மரக்கன்று நடுகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம், படம் பிடிக்கிறோம். ஜூலையில் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? நாம் பார்த்த பல பள்ளிகளில் தூய்மைப் பணியாளர் அக்காவோ காலனிப் பிள்ளைகளோதான் குடம் தூக்குகிறார்கள். என்ன மரம், எந்த இடம் என்று முடிவு செய்த அன்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு பள்ளிக்கும் சுற்றுச்சூழல் திட்டம் வேண்டும். அதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதை யார் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பதே நம் கேள்வி. தலைமையாசிரியர் அறைக்குள் எழுதி முடித்த திட்டத்தில் வேலை ஒரு பக்கம் போகும், பாராட்டு இன்னொரு பக்கம் போகும். பசுமை என்ற பெயரில் பழைய சாதி வேலைப் பிரிவினையே திரும்பி வரும்.

பள்ளித் தண்ணீரின் கதை நமக்குத் தெரியும். சிறுவன் அம்பேத்கர் பள்ளிக் குழாயைத் தொட முடியாது. பியூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர்; அவர் இல்லாத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

வீணாகும் சோற்றை எடுத்துக்கொள்வோம். எந்த நாளில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது சத்துணவு சமையலருக்குத் தெரியும். 2018இல் அவிநாசி வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில், தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் எதிர்த்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் சோறு மிஞ்சினால் உப்புக் குறைவுதான் காரணமா, வேறு காரணமா? சமையலரைக் கேட்காத திட்டம் இதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

"இதில் ஏன் சாதியை இழுக்கிறீர்கள்?" என்று சில ஆசிரியர்கள் கேட்கிறார்கள். யார் கூட்டினார்கள், யார் குப்பை அள்ளினார்கள், யார் மேடையில் பேசினார்கள் என்று ஒரு மாதம் எழுதிப் பார்க்கட்டும். பதில் அந்தத் தாளிலேயே இருக்கும்.

மாணவர்களே, தொடக்கம் உங்கள் கையில் இருக்கிறது. குழாய், தொட்டி, கழிவறை, குப்பைக் குழி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துக் கணக்கெடுங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் தண்ணீர் கிடைக்கும். உங்கள் பள்ளிக் கூரைக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். பிறகு வகுப்புக்கு இரண்டு பேர், பாதி பெண்கள், ஆசிரியர், தூய்மைப் பணியாளர், சமையலர், இரவுக் காவலர் எல்லோரும் சேர்ந்து திட்டம் எழுதுங்கள். தோட்ட வேலையும் குப்பை பிரிப்பதும் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லோருக்கும் வரட்டும், ஆசிரியர்களுக்கும் வரட்டும்.

கழிவறை கழுவுவது மாணவர் வேலையே அல்ல. உரிய ஊதியமும் கையுறையும் காலணியும் கொடுத்துப் பணியாளரை வைப்பது அரசின் கடமை. தலித் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி அந்த வேலைக்கு அனுப்பினால் அதற்குப் பெயர் சேவை இல்லை, தீண்டாமை.

பெற்றோருக்கும் ஒரு சொல். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் உண்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்காக அந்த இடம் தரப்படவில்லை. பிள்ளைகள் எழுதிய திட்டத்தை அங்கே வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நாற்காலி போடும்போது தூய்மைப் பணியாளர் அக்காவுக்கும் ஒன்று போடுங்கள். அவர் முதலில் பேசட்டும். பள்ளியின் தண்ணீரும் குப்பையும் பற்றி அந்த அறையில் அவரைவிட அதிகம் தெரிந்தவர் இருக்க மாட்டார்.