மடித்த தாளில் ஒரு வாரம்

செமஸ்டர் ஆரம்பித்தால் போதும், மாணவர்களின் அறைச் சுவரில் டைம்டேபிள் முளைத்துவிடும். காலை 5 மணிக்கு எழுவது, 5.30 முதல் 7 வரை காஸ்ட் அக்கவுண்டிங், அப்புறம் உடற்பயிற்சி.. ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் கட்டி, கலர் எல்லாம் அடித்து! மூன்றாம் நாள் பஸ் லேட், நான்காம் நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் ஊரிலிருந்து மாமா வந்துவிடுவார். அத்தோடு சரி. "நமக்கெல்லாம் ஒழுங்கு வராதுப்பா" என்று ஒரு தீர்ப்பை எழுதிக்கொண்டு பழையபடி திரிவது தான் வழக்கம்.

உண்மையில் குறை அந்த அட்டவணையில் தான் இருக்கிறது.

பெஞ்சமின் ஃப்ராங்ளின் (1706-1790) நாளை மணிக்கணக்கில் பிரித்து அட்டவணை போட்டவர். 13 நற்பண்புகளைப் பட்டியலிட்டு, சிவப்பு மையில் கோடு போட்ட சின்ன நோட்டை அவரே தயாரித்துத் தினமும் தன்னை மதிப்பெண் போட்டுக்கொண்டார். அவரே தன் சுயசரிதையில் சொல்கிறார், ஒழுங்கு என்ற பண்பு தான் தன்னை அதிகம் படுத்தியது என்று. தன் நேரம் தன் கையில் இருக்கும் தொழிலாளிக்கு அது சரிப்படலாம், பலரும் தங்களுக்குத் தோதான நேரத்தில் தேடி வருகிற அச்சக முதலாளிக்கு முடியாது என்பது அவர் கண்ட காரணம்.

மாலையில் கடையில் வேலை பார்க்கும் மாணவனுக்கும், வீட்டு வேலை முடித்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கும் மாணவிக்கும் இதே நிலை தான். அவர்களுடைய நேரம் அவர்கள் கையில் இல்லை. நேரத்தைக் கட்டம் கட்டிக் கொடுக்கும் டைரி அவர்களுக்கு எதற்கு?

சரி, மாற்று என்ன? ஒரு பக்கம் அச்சான பழைய ஏ4 தாள் ஒன்று போதும். மூன்று முறை பாதி பாதியாக மடித்து விரித்தால் 8 கட்டங்கள் கிடைக்கும். நடு மடிப்பில், நீளவாக்கில், மையத்தில் உள்ள நான்கு கட்டங்களுக்கு இடையே மட்டும் வெட்ட வேண்டும். வெற்றுப்பக்கம் வெளியே தெரியும்படி நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் 8 பக்கக் குட்டிப் புத்தகம் தயார். அச்சான பக்கம் உள்ளே மறைந்துவிடும். 7 பக்கம் 7 நாளுக்கு, மீதி ஒன்று 'எப்போதாவது செய்யலாம்' பட்டியலுக்கு.

இதில் மணி எழுதக்கூடாது. வேலையையும் அதற்கு ஆகும் நேரத்தையும் மட்டும் எழுத வேண்டும். 'ஒரு கணக்கு - 20 நிமிடம்', 'நோட்ஸ் ஜெராக்ஸ் - 10 நிமிடம்'. பஸ் லேட்டானால் 20 நிமிட வேலை ஒன்று கையில் இருக்கும்.

முடியாததை அடுத்த நாள் பக்கத்தில் கையால் திரும்ப எழுத வேண்டும். பேரேட்டில் இருப்பைக் கீழே கொண்டு வருகிறோமே, அது போலத் தான். ரைடர் கேரல் 2013-ல் அறிமுகப்படுத்திய புல்லட் ஜர்னல் முறையின் உயிரே இது தான். திரும்ப எழுதக் கூட மனம் வராத வேலை என்றால் அது தேவையில்லாத வேலை, அடித்துவிடலாம்.

செல்போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்கலாம். பரீட்சைக் கட்டணத்தின் கடைசித் தேதிக்கும், மாத்திரை நேரத்துக்கும் போன் தான் சரி, அது மணி அடிக்கும். ஆனால் முடியாத நாற்பது வேலைகளை ஒரே தட்டில் நாளைக்குத் தள்ளிவிடவும் போன் விடுகிறது. ஏன் தள்ளுகிறோம் என்று யோசிக்க அங்கே இடமே இல்லை. தினமும் கையால் எழுதுகிறவருக்கு மூன்றாம் நாளே கை வலிக்கும். அந்த வலி நல்லது :-)

காசு கொடுத்து வாங்கிய டைரியில் காலியான பக்கங்கள் குற்ற உணர்ச்சியைத் தரும். பழைய தாளில் செய்தது வாரக் கடைசியில் குப்பைக்குப் போகலாம், வருத்தமில்லை. அடுத்த வாரம் வேறு மாதிரி என்றால் வேறு மாதிரி மடித்துக்கொள்ளலாம். நாளுக்குத் தகுந்தபடி தாள் மாறட்டும். தாளுக்குத் தகுந்தபடி நாள் மாறவில்லையே என்று யாரும் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம்.