திருத்திக் கொள்வது இழுக்கா?

"நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று வேறொன்று சொல்கிறார்கள், நாளை என்ன சொல்வார்களோ! இவர்களுடைய விஞ்ஞானத்தை எப்படி நம்புவது?" நம்மவர் கூடுமிடங்களிலெல்லாம் இக்கேள்வி ஒலிக்கிறது. நிக்காஹ் பந்தலில் பேசப்படுகிறது, பயான் மேடையில் முழங்கப்படுகிறது, கேட்போர் தலையசைக்கின்றனர். இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சாக நின்றுவிடுமாயின் நாமும் புன்னகைத்து நகர்ந்துவிடலாம். ஆனால் இதன் விளைவு இல்லங்களுக்குள் தெரிகிறது. குழந்தைக்குப் போட வேண்டிய தடுப்பூசி தள்ளிப்போகிறது. நீரிழிவுக்கு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை பாதியில் நிறுத்தப்படுகிறது. விஞ்ஞானம் பயில விரும்பும் பெண்பிள்ளையிடம், "நாளைக்கே மாறிப்போகும் படிப்பு உனக்கெதற்கம்மா?" என்று கேட்கப்படுகிறது. ஆகவே இதற்கு விடை சொல்லியே ஆகவேண்டும்.

விந்தை என்னவெனில், இதே மேடைகளில்தான் மீலாது விழாக் காலத்தில் இப்னு ஸீனா, இப்னுல் ஹைஸம், இப்னு நபீஸ் என்று நம் முன்னோரின் பெயர்கள் அடுக்கப்படுகின்றன. "ஐரோப்பியருக்கு முன்பே நுரையீரல் வழியான இரத்த ஓட்டத்தைக் கண்டு சொன்னவர் எங்கள் இப்னு நபீஸ்" என்று மார்தட்டப்படுகிறது. உண்மைதான். ஆனால் அப்பெரியார் செய்த காரியம் யாதென ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தோமா?

நம் நூல்கள் ஜாலீனூஸ் என்றழைக்கும் கிரேக்க மருத்துவர் காலன், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஒரு கருத்தை நிலைநாட்டிச் சென்றார். இதயத்தின் வலப்பக்க அறையிலிருந்து இடப்பக்க அறைக்கு, நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இரத்தம் கசிந்து செல்கிறது என்பதே அது. ஆயிரம் ஆண்டுகளாக உலகம் அதை ஏற்றிருந்தது. மருத்துவ மாமேதை இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' நூலும் காலன் வழியையே தழுவியிருந்தது. 1242ஆம் ஆண்டளவில் அந்நூலின் உடற்கூற்றுப் பகுதிகளுக்கு உரை எழுதப் புகுந்த இப்னு நபீஸ், இதை மறுத்தார். நடுச்சுவர் தடித்தது, கண்ணுக்குத் தெரியும் துளையும் அதில் இல்லை, தெரியாத துளையும் இல்லை, இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, பின்னரே இதயத்தின் இடப்பக்கம் வந்து சேர்கிறது என்று துணிந்து எழுதினார்.

அவருடைய புகழ் முழுவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடும்: மாற்றினார். ஆயிரமாண்டுக் கருத்தை மாற்றினார். தாம் மதித்த பேராசானின் நூலுக்கு உரை எழுதிக்கொண்டே அந்நூலைத் திருத்தினார். அறிவு மாறுவது இழுக்கென்றால், அவ்விழுக்கைச் செய்தோர் வரிசையில் முன்னே நிற்பவர் அவரே. மேடையேறும் பெருமக்களே! ஒன்று, அவரைப் புகழ்வதை விடுங்கள். இன்றேல், மாற்றத்தை இகழ்வதை விடுங்கள். இரண்டையும் ஒரே நாவால் செய்தல் நேர்மையாகாது.

"எல்லாமே மாறிக்கொண்டிருந்தால் எதைத்தான் நம்புவது?" என்று கேட்கலாம். எல்லாமே மாறுவதில்லை என்பதே விடை. காலனுக்கு முன்பு எராசிஸ்திராத்தஸ் என்னும் மருத்துவர் தமனிகளில் காற்றே நிறைந்திருப்பதாகக் கருதினார். காலன் தமனியை இரண்டிடத்தில் கட்டி, நடுவே அறுத்து, உள்ளிருப்பது இரத்தமே என்று காட்டினார். இப்னு நபீஸ் காலனின் துளையை மறுத்தார். தமனியில் இரத்தம் இருப்பதை மறுக்கவில்லை. 1628இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, இதயம் அரைமணி நேரத்தில் வெளியேற்றும் இரத்தத்தைக் கணக்கிட்டு, அது உடலிலுள்ள மொத்த இரத்தத்தினும் மிகுதி எனக் கண்டு, அதே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்று நிறுவினார். தமனியிலிருந்து சிரைக்கு அது எவ்வாறு கடக்கிறது என்பதை அவரால் காண இயலவில்லை. 1661இல் இத்தாலியின் மால்பிகி, தவளையின் நுரையீரலில் மயிரிழையினும் மெல்லிய குழாய்களை நுண்ணோக்கியால் கண்டார். காற்றும் இரத்தமும் கலந்து உயிராவி பிறக்கிறது என்ற இப்னு நபீஸின் கருத்தும் பிற்காலத்தில் உதிர்ந்தது. சான்றில்லாதது உதிர்ந்தது, சான்றுள்ளது நின்றது. தமனியில் ஓடுவது இரத்தமே என்பது காலன் காட்டிய நாள் முதல் இன்றுவரை மாறவில்லை. வீட்டைப் பழுது பார்ப்பவனை வீட்டை இடிப்பவன் என்று எவரும் சொல்லமாட்டார்.

மார்க்க அறிவிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. இப்னு நபீஸ் மருத்துவர் மட்டுமல்லர். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹைக் கற்பித்தவர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தலைமுறை தலைமுறையாகப் பின்பற்றப்படும் அதே மத்ஹபு. அதன் இமாமான ஷாபிஈ (ரஹ்) அவர்கள் இராக்கில் இருந்தபோது சொன்னவை 'பழைய சொல்' என்றும், எகிப்து சென்றபின் சொன்னவை 'புதிய சொல்' என்றும் வழங்கும். சில மசாயில்கள் நீங்கலாகப் புதிய சொல்லையே நம் உலமாக்கள் ஏற்கின்றனர். "இமாமவர்கள் சொல்லை மாற்றிவிட்டார்கள், எனவே பிக்ஹை நம்பலாகாது" என்று எவரேனும் சொன்னதுண்டா? மாறாக, அதை அவர்களுடைய இறையச்சத்துக்கும் அறிவு நேர்மைக்கும் அடையாளமாகவே போற்றுகிறோம். இமாமுக்குப் பெருமையாவது ஆய்வாளனுக்கு மட்டும் இழுக்காவது எங்ஙனம்?

நம் காலத்துச் சான்றும் ஒன்று உண்டு. வயிற்றுப்புண் கவலையாலும் காரத்தாலும் புளிப்பு நீராலும் வருவதென்றே மருத்துவர் நெடுங்காலம் நம்பினர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர், அப்புண்ணின் பின்னால் ஒரு நுண்கிருமி இருப்பதாகக் கண்டனர். 1982இல் அக்கிருமியை வளர்த்தும் காட்டினர். பலர் நம்பவில்லை. மார்ஷல் 1984இல் அக்கிருமிக் கரைசலைத் தாமே அருந்தி, இரைப்பை அழற்சிக்கு ஆளாகி, கருத்தை வலுப்படுத்தினார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமியால் வந்த புண் இன்று சில வார மருந்தில் ஆறுகிறது. வைத்தியம் மாறிவிட்டதே என்று நகைப்பவர், பழைய வைத்தியத்தோடே நோயாளி வருந்தியிருக்க வேண்டும் என்கிறாரா?

இன்னொரு கூட்டத்தாரும் உளர். செய்தித்தாளில் புதுக்கொள்கை ஒன்று வந்ததும், "இது எங்கள் திருமறையில் அன்றே உள்ளது" என்று மகிழ்வர். பல வேளைகளில் இவரும் முன்னவரும் ஒருவரே! அக்கொள்கை நாளை திருத்தப்பட்டால் என் செய்வார்? கிரானடாவில் வாழ்ந்து 1388இல் மறைந்த இமாம் ஷாதிபீ (ரஹ்), எல்லாக் கலைகளையும் குர்ஆனுக்குள் தேடுவோரை அன்றே மறுத்தார். திருமறையை நன்கறிந்த முன்னோர் அவ்வாறு பேசியதில்லை என்பது அவருடைய வாதம். வஹீ மாறாதது; மனிதன் தேடிப் பெறும் அறிவு திருத்தத்துக்குரியது. இரண்டையும் ஒரே கயிற்றில் முடிவதால்தான் விஞ்ஞானம் அசையும்போதெல்லாம் நம் நெஞ்சும் அசைகிறது.

மாறுவதெல்லாம் நேர்மையான மாற்றம் என்று யாம் கூறவில்லை. பணத்துக்காக மாறுவோரும் புகழுக்காக மாறுவோரும் எத்துறையிலும் உண்டு. ஆதலின், "மாறிவிட்டதே!" என்று நகையாமல், "எந்தச் சான்று கண்டு மாறியது?" என்று கேட்கப் பழகுவோம். அக்கேள்வியை நம் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம்.

இல்லையேல் நேர்வது என்ன என்பதற்கும் இப்னு நபீஸின் வரலாறே சான்று. அவருடைய அந்த உரை பல நூற்றாண்டுகள் பெரும்பாலோர் கவனத்துக்கு வராமலே கிடந்தது. 1924இல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்தத்தாவி, பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியிலிருந்து அதை வெளிக்கொணர்ந்தார். திருத்தியவர் நம்மவர், அத்திருத்தத்தைப் படித்து அடுத்த அடி எடுத்து வைக்காமல் விட்டவரும் நம்மவரே. அதே பிழையை இன்றும் செய்துகொண்டு அவர் பெயரை மட்டும் மேடையில் முழங்குவதில் பயனில்லை. விஞ்ஞானம் பயில விரும்பும் பெண்பிள்ளையைப் படிக்க விடுங்கள். அவருக்கு அதுவே நாம் செய்யும் மரியாதை.