வெள்ளம் வடிந்தது, ஓதம் வடியவில்லையே!

2024 நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் கரை கடந்தது. சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து, தென்பெண்ணை வெள்ளம் கடலூர் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. இரண்டு நாளுக்கு மேல் வெள்ளம் சூழ்ந்து பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 2,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஆக, தண்ணீர் நின்ற நாளுக்குத்தான் கணக்கு!

அது வடிந்த பிறகுதானே நம் பாடு ஆரம்பிக்கிறது? விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி செங்கல் சுவர் ஈரத்தை மேலே இழுக்கும். மாதக்கணக்கில் ஓதம் காயாது. பாய், துணிமணி எல்லாம் பூசணம். இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அது இன்னும் கூடும். மேலாகப் பெயிண்ட் அடித்தாலும் உரிந்து விழும்.

பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் தூளாகப் பறக்கும். சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைப்பதே நல்லது. பீரோவைச் சுவரை விட்டு நாலு விரல் தள்ளி வையுங்கள். இதெல்லாம் நம் கையில்.

ஆனால் அஸ்திவாரத்துக்கு மேலே ஓதம் ஏறாமல் தடுப்புப் பூச்சு வைப்பது, கட்டும்போதே செய்யவேண்டிய வேலை. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் தருகிறார்கள். அந்தப் பூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த தவணையைக் கொடுத்தால் என்ன? கிராம சபையில் நாமும் கேட்போம், சகோதரிகளே!

– ஒரு இல்லத்தரசி, காடாம்புலியூர்.