புத்திமதிக்கு வட்டி

கடன் கொடுக்கிறவர் பணத்தோடு கொஞ்சம் புத்திமதியும் சேர்த்துக் கொடுப்பது உலக வழக்கம். நம் ஊர் லேவாதேவிக்காரர்கூடப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “பார்த்துச் செலவு பண்ணுங்க, பெண் கல்யாணம்னா ஊரையே கூப்பிடணும்னு இல்லை” என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் செய்வார். வாங்குகிறவரும் “ஆகட்டுங்க” என்று தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து தம் இஷ்டப்படி நடந்துகொள்வார். இதில் ஒருவித நாகரிகம் இருக்கிறது. புத்திமதி இலவசம். அதைக் கேட்பதும் கேட்காததும் வாங்கியவர் பாடு. வட்டி பணத்துக்கு மட்டுமே.

தேசங்களுக்குக் கடன் கொடுக்கும் பெரிய லேவாதேவிகளின் சங்கதி வேறு. சர்வதேச நாணய நிதியம், உலக வங்கி என்று கம்பீரமான பெயர்கள் அவற்றுக்கு உண்டு. அவற்றின் பத்திரத்தில் புத்திமதியும் ஒரு ஷரத்து. சுங்கவரியைக் குறை, மானியத்தை வெட்டு, நாணயத்தின் மதிப்பை இறக்கு, சர்க்கார் ஆலையை விற்றுவிடு என்று நிபந்தனைகள் வரிசையாக நிற்கும். சொன்னபடி கேட்டாயா என்று பார்த்த பிறகுதான் அடுத்த தவணைக்குப் பை அவிழும்.

சரி, அந்தப் புத்திமதி தப்பாகிப் போனால் நஷ்டம் யாருக்கு? கேட்டவனுக்கு. சொன்னவனுக்கு? அசலும் வட்டியும் ஒரு காசு குறையாமல் வந்துவிடும். இது என்ன நியாயம் என்பதுதான் என் கேள்வி.

இதைப் பொதுவாகப் பேசினால் பொருளாதாரப் பேராசிரியர்களின் விவகாரம்போல் தோன்றும். ஆகவே ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். கரீபியன் கடலில், கியூபாவுக்குக் கிழக்கே இருக்கிறது ஹைத்தி. பத்திரிகைகளில் அதன் பெயர் பூகம்பத்தோடு வரும். இல்லாவிட்டால் துப்பாக்கிக் கும்பல்களோடு வரும். படித்துவிட்டு, “அந்த ஜனங்களே அப்படித்தான்” என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். எப்படி அப்படி ஆனார்கள் என்று ஒரு நிமிஷம் நின்று பார்ப்பதில்லை.

கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த கறுப்பு மக்கள் எதிர்த்து எழுந்து, நெப்போலியன் அனுப்பிய சேனையையே முறியடித்து, 1804-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி சுதந்திரம் பிரகடனம் செய்த நாடு அது. 1825-இல் பிரெஞ்சு மன்னன் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களோடு ஒரு தாக்கீது அனுப்பினான். உங்கள் சுதந்திரத்தை நான் அங்கீகரிக்க வேண்டுமானால் 15 கோடி பிராங்க் கட்டுங்கள் என்றது அந்தத் தாக்கீது. எதற்காக? அடிமைகளையும் தோட்டங்களையும் இழந்த எஜமானர்களுக்கு நஷ்டஈடாம்! விலங்கை உடைத்துக்கொண்டு வந்தவன் தன் உடம்புக்குத் தானே விலை கொடுக்க வேண்டும். அதே காகிதத்தில் இன்னொரு ஷரத்தும் இருந்தது. பிரெஞ்சு வர்த்தகத்துக்குச் சுங்கவரியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். கடனும் வர்த்தக விதியும் ஒரே காகிதத்தில், பீரங்கியின் நிழலில் வந்து சேர்ந்தன. பின்னால் வந்த நிபுணர்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

முதல் தவணையான 3 கோடிக்கு ஹைத்தியிடம் பணம் இல்லை. பாரிஸ் வங்கிக்காரர்களிடமே 3 கோடிக்குக் கடன் எழுதிக் கொடுத்தது. கமிஷன் போகக் கிடைத்தது 2 கோடி 40 லட்சம். 1838-இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். ஆனாலும் அதை அடைக்கக் கடன், அந்தக் கடனை அடைக்க வேறு கடன் என்று போய், அதன் வால் 1947 வரை நீண்டது. நாம் சுதந்திரம் வாங்கிய வருஷத்தில், அவர்கள் தங்கள் சுதந்திரத்துக்கு விலை கட்டி முடித்தார்கள்.

பழைய கதை இருக்கட்டும். நம் காலத்துக்கு வருவோம்.

1970-களின் கடைசியில் அந்தத் தீவில் பன்றிக் காய்ச்சல் பரவியது. நோய் தங்கள் பன்றிப் பண்ணைகளுக்கும் வந்துவிடுமோ என்று அமெரிக்கா பயந்தது. அந்நியப் பணமும் அந்நிய யோசனையுமாக, 1980-களின் தொடக்கத்தில் ஹைத்தியின் நாட்டுப் பன்றிகள் அடியோடு அழிக்கப்பட்டன. குப்பையைக் கிளறித் தின்று வளர்ந்த அந்தப் பிராணிதான் ஏழைக் குடியானவனின் சேமிப்பு. பள்ளிக்கூடச் சம்பளம், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் ஒரு பன்றியை விற்றால் போதும். அதற்குப் பதிலாக அமெரிக்காவின் அயோவா மாகாணத்திலிருந்து உயர்ந்த ஜாதிப் பன்றிகள் வந்து இறங்கின. அவற்றுக்குச் சுத்தமான தண்ணீர், விலைகொடுத்து வாங்கிய தீவனம், சிமெண்டுத் தரையோடு கொட்டகை எல்லாம் வேண்டும். குடியானவனின் குடிசைக்கே சிமெண்டுத் தரை கிடையாது! ஜனங்கள் அவற்றுக்கு “நாலுகால் இளவரசர்கள்” என்று பெயர் வைத்தார்கள். ஏழையின் நகைச்சுவை எந்த நிபுணரின் அறிக்கையைவிடவும் கூர்மையானது.

அடுத்து அரிசி. ஆர்ட்டிபோனிட் ஆற்றுச் சமவெளி அந்த நாட்டின் தஞ்சாவூர். 1980-களின் தொடக்கம் வரை ஹைத்தி தனக்கு வேண்டிய அரிசியை ஏறத்தாழ முழுவதும் தானே விளைவித்துக்கொண்டது. 1986-இல் சர்வாதிகாரி டுவாலியர் நாட்டைவிட்டு ஓடினார். கஜானா காலி. கடன் வேண்டுமா, சந்தையைத் திற என்றார்கள்; வரி குறைந்தது. 1991-இல் ராணுவம் கவிழ்த்த ஜனாதிபதி அரிஸ்டீட் 1994-இல் அமெரிக்கத் துருப்புகளின் துணையோடு திரும்பி வந்தார். துணைக்கு வந்தவர்கள் சும்மா வரவில்லை; பொருளாதார நிபந்தனைகளும் கூடவே வந்தன. 1995-இல் அரிசி மீதான இறக்குமதி வரி 35 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக இறங்கியது.

கப்பல் கப்பலாக அமெரிக்க அரிசி வந்தது. “மயாமி அரிசி” என்றார்கள் ஜனங்கள். வெள்ளை வெளேரென்று, உள்ளூர் அரிசியைவிட மலிவாக இருந்தது. ஏன் மலிவு? ஆர்க்கன்ஸாஸ் விவசாயி அதிகம் வியர்வை சிந்தியதாலா? இல்லை; அவருக்குப் பின்னால் அவருடைய சர்க்காரின் மானியம் நின்றது. ஆர்ட்டிபோனிட் விவசாயிக்குப் பின்னால் யாரும் இல்லை. மானியம் கொடுப்பது பாபம் என்று அவனுடைய சர்க்காருக்கு உபதேசம் ஆகியிருந்தது. 1980-களின் நடுவில் சில ஆயிரம் டன்னாக இருந்த அரிசி இறக்குமதி 2000-ஆம் ஆண்டில் 2 லட்சம் டன்னைத் தாண்டியது. உழுதவர்களில் பலர் ஏரைப் போட்டுவிட்டுத் தலைநகரான போர்ட் ஓ பிரின்ஸின் சேரிகளுக்கு நடந்தார்கள்.

“நகரத்து ஏழைக்கு மலிவாகச் சோறு கிடைத்ததே, அது நல்லதில்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதிலைக் காலம் சொல்லிற்று. 2008-இல் உலகச் சந்தையில் அரிசி விலை சில மாதங்களில் ஏறக்குறைய மும்மடங்காயிற்று. மலிவு அரிசி மாயமாய் மறைந்தது. சொந்த வயலோ முன்பே போய்விட்டது. களிமண்ணும் உப்பும் கொழுப்பும் பிசைந்து வெயிலில் காயவைத்த வில்லைகளைத் தின்று ஜனங்கள் வயிற்றை ஏமாற்றினார்கள். ஏப்ரலில் கலகம் மூண்டு பிரதம மந்திரியின் பதவி பறிபோயிற்று. அடுத்தவன் வீட்டு அடுப்பை நம்பித் தன் அடுப்பை இடித்தவனுடைய கதி இதுதான்.

2010 ஜனவரியில் பூகம்பம் வந்து தலைநகரைத் தரைமட்டமாக்கியது. அதே வருஷம் மார்ச் 10-ஆம் தேதி, அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி பில் கிளிண்டன் செனட் கமிட்டியின் முன்னால் மனம்விட்டுப் பேசினார். தம் ஆட்சியில் பின்பற்றிய அந்த அரிசிக் கொள்கை ஆர்க்கன்ஸாஸ் விவசாயிகள் சிலருக்கு நன்மை செய்திருக்கலாம் என்றும், ஆனால் அது ஒரு தவறு என்றும், ஹைத்தி தன் மக்களுக்கே சோறு போடும் சக்தியை இழந்ததற்குத் தாமும் பொறுப்பு என்றும் ஒப்புக்கொண்டார். பெரிய மனிதர்கள் இப்படிப் பேசுவது அபூர்வம், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மன்னிப்புக் கேட்டால் தரிசு விளைந்துவிடுமா? அந்த வருஷம் ஜூலையில் நாணய நிதியம் ஹைத்தியின் 26 கோடி 80 லட்சம் டாலர் கடனை ரத்து செய்தது. தவறான புத்திமதிக்குப் பரிகாரமாக அல்ல, பூகம்பத்துக்கு அனுதாபமாக!

பாடமாவது கற்றார்களா? 2018-இல் நிதியத்தோடு ஓர் ஒப்பந்தம். எரிபொருள் மானியத்தை வெட்ட வேண்டும். ஜூலையில் ஹைத்தி சர்க்கார் மண்ணெண்ணெய் விலையை ஒரேயடியாக 51 சதவீதம் உயர்த்தியது. தெருவெல்லாம் தீப்பற்றியது. மறுநாளே உத்தரவை நிறுத்தி வைத்தார்கள். ஒரு வாரத்தில் பிரதம மந்திரி ராஜினாமா. புத்திமதி சொன்னவர்களில் யாராவது வேலையை இழந்ததாக நான் கேள்விப்படவில்லை.

“அவர்களுடைய ஆட்சியாளர்கள் கொள்ளைக்காரர்கள், அவர்களைச் சொல்லாமல் வெள்ளைக்காரனையே சொல்வானேன்?” என்று சிலர் சீறக்கூடும். கொள்ளைக்காரர்கள்தாம், மறுக்கவில்லை. டுவாலியர் தகப்பனும் மகனும் 1957 முதல் 1986 வரை அந்த நாட்டைச் சூறையாடினார்கள். ஆனால் அந்தக் கொள்ளைக்காரர்களை நம்பிக் கடன் கொடுத்தது யார்? அவர்கள் ஓடிய பிறகு, ஒரு வாக்கும் போட்டறியாத குடியானவனிடம் அதை வசூலிப்பது எந்தத் தர்மம்? நம் நாட்டில் 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, தகப்பன் கடனை அடைப்பது மகனின் புண்ணியக் கடமை என்ற பழைய சாஸ்திரத்தை மட்டும் காட்டி மகன்மேல் வழக்குப் போட முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். தனி மனிதனுக்குக் கிடைத்த இந்த நியாயம் ஒரு தேசத்துக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

இன்னொரு சமாதானமும் சொல்வார்கள்: “வர்த்தக விதி எல்லோருக்கும் ஒன்றுதானே?” ஒன்றுதானா? தென் கொரியா 2015 முதல் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வரும் அரிசிக்கு 513 சதவீதம் வரி போடுகிறது. அங்கே யாரும் உபதேசம் செய்து வெல்லவில்லை. 1995-இல் பிறந்த உலக வர்த்தக அமைப்பின் விவசாய ஒப்பந்தத்தைப் பாருங்கள். முன்பே ஏராளமாக மானியம் கொடுத்துக்கொண்டிருந்த பணக்கார நாடுகள் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு தொடரலாம். முன்பு கொடுக்க வழியில்லாத ஏழை நாடு இனிமேல் ஒரு சிறிய வரம்பைத் தாண்டக்கூடாது. விருந்தில் முதல் பந்தியில் வயிறு முட்டச் சாப்பிட்டவர் எழுந்து நின்று, “இனி எல்லோரும் அளவாகச் சாப்பிடுவோம்” என்று தீர்மானம் போடுவது போன்றது இது.

பருத்தி விவகாரம் இதைவிட ருசிகரமானது. அமெரிக்கப் பருத்தி மானியம் விதிக்குப் புறம்பானது என்று பிரேசில் வழக்குப் போட்டு ஜெயித்தது. அமெரிக்கா மானியத்தை நிறுத்தவில்லை. 2010 முதல் வருஷத்துக்கு 14 கோடி 73 லட்சம் டாலர் பிரேசிலுக்குக் கொடுக்க இசைந்தது. 2014-இல் மேலும் 30 கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது. அதே மானியத்தால் தங்கள் விவசாயிகள் அழிகிறார்கள் என்று 2003-லேயே முறையிட்ட பெனின், புர்க்கினா ஃபாஸோ, சாட், மாலி என்ற நான்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு அந்தப் பணத்தில் பங்கு இல்லை. பதிலடி கொடுக்கும் பலம் உள்ளவனுக்கே விதியும் கை கொடுக்கிறது.

இது நமக்குத் தெரியாத அனுபவமும் அல்ல. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்த 1960-களை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1966 ஜூன் 6-ஆம் தேதி, டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்த விகிதத்தை 7 ரூபாய் 50 காசாக மாற்றினோம். கடன் கொடுப்பவர்களின் வற்புறுத்தல் அதில் இருந்தது. நம்பியிருந்த உதவியோ முழுசாக வந்து சேரவில்லை. நாம் பெரிய நாடு, தப்பினோம். நெல்லுக்கும் கோதுமைக்கும் விலை நிர்ணயித்து, சர்க்காரே கொள்முதல் செய்து, கிடங்கில் சேர்த்து, ரேஷன் கடை வழியாகக் கொடுத்தோம். அந்தக் கிடங்கின் மேலேயே வர்த்தக விதியின் கண் விழுந்தபோது, 2013-இல் பாலித் தீவு மாநாட்டில் நாம் சண்டை போட்டுத் தாற்காலிகமாகவாவது ஒரு காப்பு வாங்கினோம். ஹைத்தியால் அப்படிச் சண்டை போட முடியுமா? நாணய நிதியத்தில் அமெரிக்காவுக்கு மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் வாக்கு. முக்கியத் தீர்மானங்களுக்கு 85 சதவீதம் வேண்டும் என்பதால், அது தலையை அசைக்காமல் எதுவும் அசையாது. ஹைத்தியின் வாக்கு ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

எனவே நான் கேட்பது தர்மம் அல்ல, வியாபார நியாயம். சரக்கு கெட்டுப் போயிருந்தால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்கிறார். புத்திமதியும் ஒரு சரக்குதானே? அதை நிபந்தனையாகத் திணித்தவர்கள், அது பொய்த்துப்போனால் அந்த அளவுக்கேனும் தங்கள் கடனைத் தள்ளுபடி செய்யட்டும். கைப்பணம் போகும் என்று தெரிந்தால் எந்த நிபுணரும் அடுத்தவன் வயலைத் தரிசாக்கும் யோசனையை இரண்டு தடவை யோசித்துத்தான் சொல்வார். அதோடு, தன் ஜனங்கள் தின்னும் தானியத்துக்கு எவ்வளவு வரி போடுவது என்பதை எந்தக் கடன் பத்திரமும் தீர்மானிக்கக்கூடாது.

இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் தாராளமாகக் கடன் கொடுக்கட்டும்; வட்டியும் வாங்கட்டும். புத்திமதியை மட்டும் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும்.