கார் பேட்டரியில் வீட்டு மின்சாரம்: ஜப்பான் காட்டும் கணக்கு

2011 நிலநடுக்கம் ஜப்பானை இருளில் தள்ளியது. மறு ஆண்டே, லீஃப் மின்சாரக் காரின் பேட்டரியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் கருவியை நிசான் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 24 யூனிட் பேட்டரி. ஒரு குடும்பத்துக்கு இரண்டு நாள் தாங்கும் என்றார்கள்.

ஆனால் பேரிடரைவிட விலையே பெரிய காரணம் என்பது நம் கருத்து. கூரை சோலாரின் உபரி மின்சாரத்துக்கு 2009-இல் யூனிட்டுக்கு 48 யென் கிடைத்தது. அந்தப் பத்தாண்டு ஏற்பாடு 2019 நவம்பரில் முடியத் தொடங்கியதும், டோக்கியோ மின் நிறுவனம் கொடுத்தது 8.5 யென்தான். விற்பதைவிடச் சேமித்து இரவில் பயன்படுத்துவதே லாபம் என்றாகிவிட்டது.

சிக்கல் ஒன்றுண்டு: வெயில் அடிக்கும்போது கார் அலுவலக வாசலில் நிற்கும். பகலில் கார் வீட்டிலிருக்கும் குடும்பங்களுக்கே இது பொருந்தும் என்போம். மற்றவர்களுக்கு, பழைய காரிலிருந்து கழற்றி முறையாகச் சோதித்த பேட்டரி மேல். காரை ஓட்டப் போதாத அந்தப் பேட்டரி, விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் தாராளம்.